போடாத தண்டோரா

என் ராசா அப்பாவுக்கு,

நீ போய் ஆறு மாசம் ஆகிறது. உன் தமுக்கு இன்னும் சுவரில்தான் தொங்குகிறது. நேற்றிலிருந்து அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, பார்த்தால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

ஒரகடம் பக்கம் தொழிற்பேட்டை போடுவதற்கு நம் ஊர் நிலத்தை எடுக்கிறார்களே, அதை எதிர்த்து ஊர் போட்ட வழக்கைக் கோர்ட்டு காது கொடுத்துக் கேட்டுவிட்டது. எடுப்பதற்கு முன்னால் ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டுமாம், ஆட்சேபணையைக் கேட்டிருக்க வேண்டுமாம், ஏற்காவிட்டால் ஏன் என்று எழுதியிருக்க வேண்டுமாம். ஊருக்குச் சொன்னார்களா இல்லையா என்று நாளைக்குத் தாலுகா ஆபீஸில் விசாரணை.

சொன்னதற்கு ஃபைலில் ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது. போன வருஷம் ஆடிக் கிருத்திகை அன்று காலையில் ஊரில் தண்டோரா போடப்பட்டது என்று எழுதி, கீழே தலையாரி என்று உன் கையெழுத்து.

ஆடிக் கிருத்திகைக்கு நம் ஊரில் யார் இருப்பார்கள், அப்பா? தேதி போட்ட மகராசன் காலண்டரைக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வீடு பூட்டிவிட்டு வல்லக்கோட்டை முருகனிடம் போய்விடுவோம். எதிர்வீட்டுக் குப்பம்மா அத்தை நேற்று வந்தாள். "உங்கப்பா எனக்கு முன்னாலதான் காவடி எடுத்துகினு போனாரு. அத வந்து சொல்லும்மா. எங்க நெலமும் அதுல கீது" என்றாள்.

அத்தைக்குத் தெரியாததும் எனக்குத் தெரியும். படுக்கையில் கிடந்தபோது நீயே சொன்னாய்: "அந்தத் தண்டோராவ நான் போடவே இல்லம்மா. மறுநாளு போடறேன்னேன். தேதி எழுதியாச்சு, கையெழுத்த மட்டும் போடுய்யான்னாங்க ஆபீஸ்ல."

போட்டுவிட்டாய். எனக்கு உன்மேல் கோபம்தான். உன் குரல் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்த ஊர் இது. மறுநாளாவது ஒரு சுற்று சுற்றி வந்திருக்கக் கூடாதா?

தேதி எழுதியவர் பேர் அந்தத் தாளில் எங்குமே இல்லை. உண்மையைச் சொன்னால் கெட்ட பேர் உனக்குத்தான் வரும். சொல்லாவிட்டால் அத்தையின் நிலம் கேள்விமுறை இல்லாமல் போய்விடும். செத்த மனுசனைச் சந்திக்கு இழுக்காதே என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அவளிடம்கூடச் சொல்லாததை என்னிடம் ஏன் சொன்னாய்?

நாளைக்குச் சொல்லப்போகிறேன், அப்பா. இது என் அப்பா கையெழுத்துதான், ஆனால் அவர் தண்டோரா போடவில்லை என்று. அதோடு விடமாட்டேன். அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னது யார், அந்தப் பேரையும் எழுதுங்கள் என்று கேட்பேன். எழுதும்வரை அங்கிருந்து நகரமாட்டேன்.

அதற்கு முன்னால், விடிந்ததும் உன் தமுக்கை எடுத்துக்கொண்டு நம் தெருவிலிருந்து ஏரிக்கரை வரை போவேன். இன்றைக்கு விசாரணை, எல்லாரும் வாருங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்வேன். ஆள் வெளியே வந்து முகம் காட்டாமல் அடுத்த வாசலுக்குப் போகமாட்டேன். நீ போடாமல் விட்ட சுற்றை நான் போட்டுவிட்டு வருகிறேன்.

உன் பிடிவாதக்கார மகள்,
செல்வி