நான் போட்ட அம்புக்குறி

அன்பு மச்சி மகேந்திரா,

நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. நந்தனத்தில் நம் ஆபீஸைக் காலி செய்கிறார்கள். பூமிக்குள் துளைபோட்டு உருவியெடுத்த கல் உருளைகளைப் பெட்டி பெட்டியாக வைத்திருந்தோமே, அதில் வேண்டியதை வை, மீதியைக் கொட்டு என்று என்னிடம் விட்டார்கள். கர்நாடகத்தில் தங்கம் தேடி நாம் இருவரும் எடுத்த பெட்டியும் இருந்தது. திறக்காமலேயே கொட்டியிருக்கலாம். திறந்துவிட்டேன்.

பாறைக்குள் தங்கம் எப்படி வந்தது என்று என் தங்கை கேட்டது ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்குக் கல்யாணமான புதிது. அசோக் நகர் வீட்டுச் சமையலறைக் குழாய் முன்னால் அவளை நிறுத்தினாய். "போர் தண்ணி வெள்ளையா படியுதில்ல, கிட்டத்தட்ட அதான். இருநூத்தம்பது கோடி வருஷத்துக்கு முன்னாடி ஆழத்துல பாறை ஒடைஞ்சு நகர்ந்துச்சு. அந்தப் பிளவுல சுடுதண்ணி பீறிட்டு ஏறும். அழுத்தம் சட்டுனு குறைஞ்சா, கரைஞ்சிருந்த தங்கமும் வெள்ளைக்கல்லும் அங்கயே படிஞ்சிடும். மறுபடி நகரும், மறுபடி படியும்."

"அப்ப தி.நகர்ல விக்கிற நகையெல்லாம் குழாய் அழுக்கா?" என்றாள். நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பிளவு எந்தப் பக்கம் சாய்கிறதோ, தங்கத்தையும் அந்தப் பக்கம்தான் தேடிப் போகவேண்டும். அதனால் துளையிலிருந்து கல் துண்டு வெளியே வந்ததுமே, எது கீழ்முனை என்று அம்புக்குறி போடவேண்டும். அது என் வேலை. கர்நாடகத்தில் ஒரு நாள், டீ குடித்துவிட்டுப் போடலாம் என்று குறி போடாத பெட்டியைத் தூக்கினேன், கை நழுவித் துண்டுகள் சிதறின. பொறுக்கி அடுக்கி, குத்துமதிப்பாகக் குறி போட்டேன்.

"மச்சி, அந்த வெள்ளைக்கோடு துண்டு சரியாத்தானே இருக்கு?" என்று நீ ஒரு தடவை கேட்டாய். "சரியாத்தான் இருக்கு" என்றேன்.

என் குறியை நம்பி, பிளவு கிழக்கே சாய்கிறது என்று அறிக்கை எழுதினாய். கிழக்கே போட்ட அடுத்த துளையில் ஒன்றும் இல்லை. வேலையையே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் எழுந்து, "கல்லை நான் படிச்சதுதான் தப்பு" என்றாய். அதன்பிறகு உன்னை யாரும் எந்த இடத்தையும் பார்க்க அனுப்பவில்லை. நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் அந்தத் துண்டைத் தலைகீழாகத் திருப்பி அடுத்த துண்டோடு சேர்த்தேன். ஒடிந்த முனைகள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. பிளவு மேற்கே சாய்கிறது, மச்சி. உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாயா? நான் அவள் அண்ணன் என்பதாலா?

நேற்று அவள் போன் செய்தாள். "அண்ணா, அவர் நோட்டெல்லாம் எடைக்குப் போட்டுடவா? தப்பா எழுதினதுதானே. பாக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமா இருக்கு."

"இரும்மா, நான் வரேன்" என்று மட்டும் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

நாளை காலை அசோக் நகர் போகிறேன். இரண்டு துண்டும் என் பையில் இருக்கின்றன. சாப்பாட்டு மேஜையில் வைத்து, அவள் கையாலேயே பொருத்திப் பார்க்கச் சொல்வேன். குறி போட்டது யார் என்று அவள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுவேன். அங்கிருந்து நேராக ஆபீஸ் போய், உன் அறிக்கையோடு என் பிழையை என் பெயர் போட்டு எழுதிச் சேர்ப்பேன். அப்புறம் அவள் என்னை அண்ணா என்று கூப்பிடாமல் போகலாம். உன் நோட்டுகளை எடைக்குப் போடமாட்டாள்.

இன்றுவரை அவளுக்கு அண்ணன்,
உனக்கு மச்சான்,
சேகர்