சல்லடை அறையின் விசிறி

12 மார்ச் 2012, திங்கள்

காலையிலேயே வெக்கை. மேலாளரிடம் கேட்க வேண்டியவை:

1. பிப். 20: சல்லடை அறையின் எக்ஸாஸ்ட் விசிறியை நிறுத்த உத்தரவு. என்னைக் கேட்காமல்.
2. பிப். 27: நுண்தூளுக்கான முகமூடி கேட்டேன். வந்தது துணி முகமூடி.
3. மார்ச் 5: என் ஆய்வக அறிக்கையிலிருந்து ‘நானோ’ என்ற சொல் மட்டும் விளம்பரத்தாளுக்குப் போனது. பாதுகாப்புப் பக்கம் நீக்கம்.

நீல எல்இடியின் ஒளியை வெள்ளையாக்கும் மஞ்சள் தூள் எங்களுடையது. நுண்மையாக அரைக்க அரைக்கப் பறக்கும்.

சூப்பர்வைசர் தனசேகர்: “ஃபேன் போட்டா பாதி சரக்கு மேல பூடுது சார். யீல்டு இன்னாச்சுன்னு என்னத்தான் கேக்குறாங்க.”

மேலே போகாதது யார் மூக்குக்குள் போகிறது என்று கேட்டேன். சிரித்தான்.

14 மார்ச், புதன்

மண்ணூர் வழியில் லாரி நெரிசல். தாமதம். மதியம் எலுமிச்சைச் சாதம், உப்பில்லை.

ஷிப்டு முடிவில் நீல டார்ச் அடித்து, அந்த ஒளியில் மஞ்சளாக ஒளிரும் தூள் தரையில் சிந்தியிருக்கிறதா என்று தேடுவது வழக்கம். பெண்கள் அதை மாரிச்செல்வியின் முகத்தில் அடித்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். சல்லடை அவள் வேலை.

“ஏட்டி, மாரி மூஞ்சியப் பாரு! கல்யாணப் பொண்ணு கணக்கா மஞ்சப் பூசிருக்கா!”

“மாப்பிள்ளய மொதல்ல கொண்டாங்கட்டி” என்றவளுக்கு இருமல். கைக்குட்டையில் துப்பினாள். டார்ச் இன்னும் அணையவில்லை. சளி மஞ்சளாக ஒளிர்ந்தது.

சிரிப்பு நின்றது.

“கழுவுனா போயிருமா, சார்?” மாரிச்செல்வி கேட்டாள்.

நீரில் கரையாத தூள். விளம்பரத்தாளில் அது ஒரு சிறப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

15 மார்ச், வியாழன்

மாரிச்செல்வி வரவில்லை. ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம். அவள் தங்கியிருந்த பென்னலூர் விடுதியையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மேலாளர்: “டஸ்ட் அலர்ஜி சார். ஊர்க் காத்து பட்டா சரியாயிடும். நீங்க படிச்சவரு, இதப் போய் பெருசு பண்றீங்களே.”

அவள் இடத்தில் இன்று வேறொரு பெண். விசிறி ஓடவில்லை. அவளை வெளியே அனுப்பி அறையைப் பூட்டினேன். சாவி என் பையில்.

தனசேகர்: “வேல பூடும் சார்.”

போகட்டும்.

16 மார்ச், வெள்ளி

மேலாளரிடம் கொடுத்த கடிதத்தின் கடைசிப் பத்தி, இங்கும்:

“மாரிச்செல்வியின் நுரையீரல் பரிசோதனையும் சிகிச்சையும் நிறுவனத்தின் பொறுப்பு. அவர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட வேண்டும், சல்லடையில் அல்ல. விசிறி ஓடாமல் அந்த அறையில் எவரும் நிற்கக் கூடாது. இவற்றை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்பதைத் தங்கள் கையொப்பத்துடன், மார்ச் 19 திங்கள் மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.”