ஸ்டெல்லா அழுத கணக்கு

ஸ்டெல்லா கண்ணு,

அம்மா அபிஷேகப்பாக்கத்துக்கு நடவு நடப் போகிறேன். குண்டானில் இட்லி இருக்கிறது, சாப்பிடாமல் போகாதே.

நேற்று நீ அழுத கணக்கை நான் போட்டுவிட்டேன்டி! "உனக்கு இன்னாமா தெரியும்?" என்று நீ கத்தியதும் நோட்டைப் பிடுங்கி எறிந்தேனே, அது தப்புதான். காலையில் இட்லி வேகும்போது அதை எடுத்து உட்கார்ந்தேன். அம்மா வயது மகள் வயதைப் போல மூன்று மடங்கு, பன்னிரண்டு வருடம் கழித்து இரண்டு மடங்கு. மகளுக்கு x என்று வைத்தேன், அம்மாவுக்கு 3x.

3x + 12 = 2(x + 12)

x = 12. அம்மாவுக்கு 36. அடியே, நம்ம ரெண்டு பேர் வயசு! நான் சிரித்த சிரிப்பில் அப்பா எழுந்து வந்து, "இன்னா ஆச்சு செங்கமலம்?" என்றார். அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன். பாவம், தலையை ஆட்டினார்.

இன்றைக்கு டெஸ்ட்டுக்குப் போகமாட்டேன் என்று மட்டும் சொல்லாதே. எனக்கே வந்தது, உனக்கு வராதா?

சாவியைப் பக்கத்து வூட்டு லில்லி அத்தையிடம் கொடு.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: பன்னிரண்டு வருடத்தில் உன் வயது இரட்டிப்பாகும், என் வயது ஆகாது. கிட்டே வந்துகொண்டே இருக்கிறாய். வாடி, வா.