அய்யாவிடம் மிஞ்சிய வார்த்தை

பரளச்சி
26-2-1945

பட்டாளத்தில் இருக்கும் செல்வதுரை அண்ணனுக்குத் தம்பி ஜான்ராஜ் எழுதுவது.

ஆமாம், மேடையில் ஏறினது நான்தான். அய்யாவைப் போல வாயைக் கோணிக்கொண்டு காலை இழுத்து நடந்ததும் நான்தான். சனம் சிரித்ததும் நிசம். சித்தப்பா உனக்கு எழுதினதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் பாதியிலேயே எழுந்து பந்தல்குடிக்கு வண்டியைக் கட்டிவிட்டார். மீதியை நான் எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறம் திட்டு.

ஈஸ்டர் கழிந்ததும் சித்தப்பா வண்டி அனுப்புவார், அய்யாவை அவர் வீட்டுக்கு ஏற்றி அனுப்பிவிடு என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தை விட்டு நாடகக் கொட்டகைக்கு ஓடினவன்தானே, பெற்றவரையும் நாடகமாக்கிவிட்டாயே என்றும் எழுதியிருக்கிறாய். ஓடினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அய்யாவை ஏற்றி அனுப்ப மாட்டேன்.

அய்யாவுக்கு வாதம் அடித்தபோது நீ கப்பலேறிவிட்டாய். அதனால் உனக்கு இது தெரியாது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இப்போதுதான் தடியை ஊன்றி, காலை இழுத்து நாலு எட்டு வைக்கிறார். பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. தரம். அறுப்பின் பண்டிகைக்கு வருசா வருசம் வேதக்கோயில் வாசலில் நின்று, காணிக்கையாக வந்த பூசணிக்காயையும் சேவலையும் தூக்கிப் பிடித்து, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஏலம் விடுவாரே, அந்தத் தரம். தண்ணீர் வேண்டுமென்றாலும் தரம். வெளிக்கு வந்தாலும் தரம். முதுகில் எறும்பு ஏறினாலும் தரம்தான்.

முதலில் எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. தண்ணீர் கேட்பார், போர்வையைப் போர்த்துவேன். வேர்த்து வடியப் படுத்தபடி என்னை முறைப்பார். பிறகு காது பழகியது. இழுத்துச் சொல்லிக் கடைசியில் ஏற்றினால் தண்ணீர். வெட்டு வெட்டாக ரெண்டு தடவை சொன்னால் மூத்திரச் சட்டி. சுவரைப் பார்த்துச் சொன்னால் என்மேல் கோபம்.

இந்த வருசம் நம்ம கரிசலில் ஏர் பூட்டவில்லை. அய்யாவைத் தனியே விட்டுவிட்டு நான் எப்படிக் காட்டுக்குப் போவது? மழை வேறு ஐப்பசியில் முகம் காட்டியதோடு சரி. பண்டிகைக்கு எல்லா வீட்டிலும் காணிக்கை எடுத்துவைத்தார்கள். ஞானப்பூ அத்தை, "ஒரு மரக்கா கம்பு தாரேன், ஓம் பேர்ல வையி" என்றாள். அத்தை காட்டுக் கம்பு எப்படி நம்ம காணிக்கை ஆகும்? போதகரிடம் போய், வெள்ளாமை இல்லாதவன் என்ன கொண்டுவருவது என்று கேட்டேன். இருப்பதைக் கொண்டு வா என்றார். என்னிடம் இருந்தது அய்யாவும் நானும்தான்.

அதைத்தான் கொண்டுபோனேன். பள்ளிக்கூட பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை. எதிரே வேப்பமரத்தடியில் அய்யாவைக் கட்டிலோடு இறக்கியிருந்தோம். நான் ஒருத்தனே அய்யாவாகப் படுத்தேன், அய்யாவாகக் காலை இழுத்து நடந்தேன், நானாக எழுந்து ஓடினேன். தரம் என்றதும் செம்பை எடுக்க ஓடுவது, அது இல்லை என்றதும் விசிறி, அதுவும் இல்லை என்றதும் போர்வை. வேடிக்கை பார்க்க வந்த சின்னச்சாமி கூட்டத்திலிருந்து, "ஏலே, சட்டியக் கொண்டாலே, பாயி நனையப்போகுது!" என்று கத்தினான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முத்துத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "எங்க மாமியாளும் இப்பிடித்தான் படுத்துனாக" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

அப்போது அய்யா கைத்தடியால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார். தரம்! தரம்! சிரிப்பு நின்றுபோனது. சித்தப்பா எழுந்தது அப்போதுதான். "நோயாளிய வச்சுக் கூத்து கட்டுறியே, நீ மனுசனாலே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்குமேல் நடந்ததை அவர் பார்க்கவில்லை. அய்யா தடியால் தன் வலது தொடையைத் தொட்டார். பிறகு என்னை நோக்கி நீட்டினார். மறுபடியும் தொடை, மறுபடியும் நான். எனக்குச் சுரீர் என்றது. நான் இழுத்துக்கொண்டிருந்தது இடது காலை! எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துப் பார்த்து, கண்ணாடியில் பார்க்கிறவன் மாதிரி பக்கத்தை மாற்றி நடித்திருக்கிறேன். அதைத்தான் திருத்தியிருக்கிறார். காலை மாற்றி இழுத்தேன். தலையை ஆட்டி, மேலே நடத்து என்று கையைக் காட்டினார். அப்புறம் பாதி வாயால் சிரித்தார். வாதம் அடித்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னும் கேள். ஏலத்துக்குத் தாவீதுராஜ் மாமா பூசணிக்காயைத் தூக்கினார். தூக்கியவர் அய்யாவைப் பார்த்தார். "ஒரு" என்று மட்டும் சொல்லி நிறுத்தினார். "தரம்!" என்றார் அய்யா. "ரெண்டு" என்று கூட்டமே கத்தியது. "தரம்!" சேவல், கம்பு, பருத்தி எல்லாம் அப்படித்தான் ஏலம் போனது. கடைசியில் அய்யாவுக்குத் தொண்டை கட்டிப்போனது.

சித்தி நல்லவள். அங்கே கஞ்சி நேரத்துக்குக் கிடைக்கும், ஓட்டு வீடு, எல்லாம் சரி. ஆனால் அங்கே அய்யா தண்ணீர் கேட்டால் யாருக்குப் புரியும்? எந்தத் தரம் எதற்கென்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுகூடப் பார்த்தேன். தாளில் எல்லாம் ஒரே தரமாக நிற்கிறது. சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

அதனால் சித்தப்பாவுக்கு ஒரு வரி எழுதி அந்த வண்டியை நிறுத்து. எப்படியாவது லீவு கேட்டு ஒரு தடவை வந்துவிட்டுப் போ. வந்து அய்யாவோடு இருந்து பார். அதற்கப்புறமும் அனுப்பு என்று நீ சொன்னால், நானே தூக்கி வண்டியில் படுக்கவைக்கிறேன்.

இன்னொரு தரம் இருக்கிறது. அதை நான் மேடையில் நடிக்கவில்லை. மெல்ல, மூச்சு விடுகிற மாதிரி சொல்வார். ஒன்றும் வேண்டாம், பக்கத்தில் வந்து உட்கார் என்று அர்த்தம். சுவரில் மாட்டியிருக்கும் உன் பட்டாளத்துப் படத்தைப் பார்த்தும் அதையேதான் சொல்கிறார்.

குண்டு படாமல் கர்த்தர் உன்னைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பருத்தி விதைக்கு இனி ஆடியில்தான்...

அய்யா கூப்பிடுகிறார். தண்ணீருக்கு இல்லை. நான் போகிறேன்.

ஜான்ராஜ்