அளவு ஜாக்கெட்டைப் பிரித்த வாரம்

மே 12, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில். கத்திரி. இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன், என் தப்பையும் சேர்த்து. அழகுக்காக எதையும் மாற்றுவதில்லை. (போன வருட நோட்டில் மாற்றியிருக்கிறேன். படித்தால் எனக்கே தெரிகிறது.)

வீட்டில் ஒரே பேச்சு, தேவி அக்காவின் வேலை. ஆறு மாதம் கோடம்பாக்கத்தில் தையல் பயிற்சி மையம் (இனி ப.மை.). பளபளவென்று சான்றிதழ். வேலையும் கொடுத்தார்கள்: ஸ்ரீபெரும்புதூர் தாண்டி டி-ஷர்ட் கம்பெனி, ஹாஸ்டலில் தங்க வேண்டும். அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். அம்மா சமைக்கப் போகும் ஆழ்வார்பேட்டை வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்கிறார்கள்.

அம்மா: "தையல் வேலை கெடைச்சா போ. இல்லன்னா ஞாயித்துக்கெழம நான் அவங்களுக்கு சரின்னு சொல்லிடுவேன்."

அக்கா: "ஆறு மாசம் மிஷின் ஓட்டிட்டு டயபர் மாத்தணுமா?"

டயபர் மாற்றுவது ஒன்றும் கேவலமில்லை என்றேன். சீப்பு பறந்து வந்தது.

மே 13, செவ்வாய்

12B பஸ்ஸில் நின்றுகொண்டே தி.நகர். பாண்டி பஜார் பின்பக்கச் சந்தில் கரீம் பாய் கடை. ஜாக்கெட் மட்டும் தைப்பவர். கண்ணாடியில் ஒட்டிய காகிதம்: 'தையல் தெரிந்த பெண் தேவை'. தைரியத்துக்கு நான் கூட.

"ஜாக்கெட் வெட்டுவியாமா?"

"ஷோல்டர் ஜாயின் பண்ணுவேன் பாய். ஒரு பீஸ் நாப்பது செகண்டு."

"யாரோட ஷோல்டரு?"

அக்கா விழித்தாள். எனக்கும் திரும்பும்போது பஸ்ஸில்தான் புரிந்தது. ப.மை.யில் தோள் என்றால் எஸ், எம், எல். இங்கே ஒவ்வொரு தோளுக்கும் ஓர் ஆள் இருக்கிறார், கோபப்படக்கூடியவர்.

ப.மை. கற்றுத்தந்தது: தோள் தையல், துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிப்பது, ஊசி மாற்றுவது, டார்கெட் ஷீட் நிரப்புவது, தீப்பிடித்தால் வரிசையாக இறங்குவது, ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்வது (மூன்று வாரம்!).

பாய்க்கு வேண்டியது: அளவெடுப்பது, வெட்டுவது, லைனிங், கொக்கி, வருபவர் கத்தினால் சிரிப்பது.

இரண்டிலும் இருப்பது: ஊசி மாற்றுவது.

வெள்ளி வரை வந்து பார், பிறகு சொல்கிறேன் என்றார் பாய்.

மே 14, புதன்

எழுதவே பிடிக்கவில்லை.

பாய் கொக்கி வாங்க ரங்கநாதன் தெருவுக்குப் போனார். போகும்முன் மேசைமேல் ஒரு பச்சை ஜாக்கெட் வைத்தார். அளவு ஜாக்கெட். நன்றாகப் பொருந்தும் பழையது ஒன்றைக் கொடுத்து, இதே போல் புதிது தைக்கச் சொல்வார்கள். "இத்த பாத்து லைனிங் துணில மார்க் பண்ணி வை."

ப.மை.யில் மாதிரி உடை வந்தால் முதல் வேலை அதைப் பிரிப்பது. பாகம் பாகமாக அடுக்கி எண் போடுவது. அதில் அக்காதான் முதல் மார்க். பிரித்தாள். துணியில் ஒரு கீறல் இல்லை. எண் எழுதிக் குண்டூசியால் குத்தியது நான். கையெழுத்து அழகாக இருக்கும் என்று நானே கேட்டு வாங்கிய வேலை.

பாய் வந்தார். மேசையில் பத்துத் துண்டுகள்.

"இன்னாமா இது?"

"சேம்பிள் பாய். பிரிச்சு வச்சிருக்கேன்."

"சேம்பிளா? மயிலாப்பூர் மாமி ஜாக்கெட்டுமா அது! அவங்களுக்கு கரெக்டா கீற ஒரே ஜாக்கெட்டு! ஞாயித்துக்கெழம அவங்க பொண்ணுக்கு வளகாப்பு!" பிறகு என் பக்கம் திரும்பி, "நம்பர் வேற போட்டுக்கீது!"

அக்கா அழவில்லை. "நானே திருப்பித் தச்சிடறேன் பாய்."

"தையி. வெள்ளிக்கெழம மாமி போட்டுப் பாக்கட்டும். அப்பால பேசலாம்."

வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. நான் கொஞ்சம் சாப்பிட்டேன்.

மே 15, வியாழன்

அக்கா கடையில் தைக்க, நான் ப.மை.க்குப் போனேன். ஃபேன் சத்தம். அக்காவுக்குப் பாடம் எடுத்த சார் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே பேசினார்.

"பாப்பா, சிலபஸ் மேலேர்ந்து வருது. நாங்க அப்படியே நடத்துறோம்."

"தி.நகர்ல இவ்ளோ தையல் கடை இருக்கே. அவங்க யாரையாவது கேட்டீங்களா சார்?"

"அவங்ககிட்ட லெட்டர்பேட் இல்லையேம்மா. கம்பெனின்னா லெட்டர் குடுப்பான், இத்தன பேர் வேணும்னு."

மேசையில் பதிவேடு. தலைகீழாகப் படிக்க எனக்கு வரும். அக்கா பெயருக்கு நேரே 'பணியில் சேர்ந்தார்'.

"சார், அவ சேரவே இல்ல."

"ஆர்டர் குடுத்தோம்ல? சேர்ந்த மாதிரிதான்."

ஆக, அக்கா ஸ்ரீபெரும்புதூரில் தோள் தைத்துக்கொண்டிருக்கிறாள். பதிவேட்டில்.

கடைக்குத் திரும்பிப் பாயிடம் கேட்டேன்: உங்களை வந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"என்னை எவன் கேக்கப் போறான்? கேட்டா, ரெண்டு மாசம் வெட்ட வுடுங்கப்பான்னு சொல்லிருப்பேன்."

"அப்போ நீங்களே அக்காவுக்குக் கத்துக்குடுங்க."

"நேரம் எங்க கீது?"

பிறகு பாய் கால் மணி நேரம் போனில் கிரிக்கெட் பார்த்தார். எல்லார் மேலும் எரிச்சல்.

மே 16, வெள்ளி

பதினோரு மணிக்கு மாமி. பாய் வாயைத் திறப்பதற்குள் அக்காவே சொல்லிவிட்டாள், பிரித்தேன், தைத்துவிட்டேன் என்று.

"பிரிச்சியா? என்னத்துக்குடி? ஆத்துல பொண்ணு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

திரைக்குப் பின்னால் போனார். வெளியே வந்தார். கையைத் தூக்கினார், இறக்கினார்.

"தோள் நன்னா உக்காந்துண்டிருக்கு பாய். முன்ன கொஞ்சம் சரியும். ஆனா கைக்குழி இழுக்கறதே."

கற்றுத்தந்தது சரியாக இருந்தது, கற்றுத்தராதது இழுத்தது. பாய் கைக்குழியை, கை வந்து சேரும் அந்த வளைவை, பிரித்து ஐந்து நிமிடத்தில் சரிசெய்தார். மாமி திட்டிக்கொண்டேதான் போனார், ஆனால் பச்சை ஜாக்கெட்டையும் புது ஜாக்கெட்டுத் துணியையும் விட்டுவிட்டுப் போனார்.

பாய்: "திங்கக்கெழமலேர்ந்து வா. தோளு, சைடு தையல் உன்னுது. மத்தது நான்."

எனக்குக் குதிக்கத் தோன்றியது. அக்கா நகரவில்லை.

"வெட்டவும் கத்துக்குடுத்தாதான் வருவேன் பாய்."

அவள் துப்பட்டாவை இழுத்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

"இங்க கத்துக்கினு ரெண்டு பேரு எதிர் கடைக்குப் போயிட்டாங்க. தெரியுமா உனக்கு?"

"எதிர் கடைன்னா நல்லதுதான பாய். இங்கேர்ந்தே திட்டலாம்" என்றாள் அக்கா.

பாய் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். ஜும்மா நேரம். பழைய செய்தித்தாள் கட்டு, சாக்பீஸ், கத்தரி மூன்றையும் அக்கா முன்னால் வைத்தார். பின்பக்கத் துண்டை எப்படி மடித்துக் கோடு போடுவது என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை, காட்டினார்.

"மாமி அளவு. தொழுதுட்டு வந்து பாக்கறேன். கோணலா இருந்துச்சுன்னா, தோளு மட்டுந்தான். அதுக்கு மேல பேசக்கூடாது."

ஸ்டூலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஷட்டர் பாதி. முதல் தாள் கோணல். இரண்டாவதில் கழுத்து ஒரு பக்கம் சாய்கிறது. மூன்றாவதை வெட்டும்போது அம்மாவின் போன்.

"ஆழ்வார்பேட்டைல இப்பவே கேக்குறாங்கடி. இன்னா சொல்ல?"

அக்கா நிமிரவில்லை. வாயில் குண்டூசி. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள்.

"வேற ஆள் பாத்துக்கச் சொல்லும்மா" என்றேன்.

மூன்றாவது தாளை விரித்தோம். இரண்டு பாதியும் ஒன்றுபோல. அக்கா நம்பாமல் நான்காவதை எடுத்தாள். கோடு சரியாகத் தெரியவில்லை, ஷட்டர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தோம். கடை மூடும் பழக்கத்தில் பாய் போகும்போது விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார்.