கண்ணப்பன் அறைக்குத் தோண்டிய இடம்

வடக்குப்பட்டு
14.12.1991

அன்பு மகன் டில்லிபாபுவுக்கு அப்பா எழுதுவது, நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். தம்பிக்குக் கட்ட ஆரம்பித்த அறை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். கண்ணப்பன் லாரியில் அடிபட்டுப் போன பிறகு வேலையைத் தொடரட்டுமா என்று கொத்தனார் வந்து கேட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அஸ்திவாரப் பள்ளம் திறந்தே கிடந்தது. அம்மா அதைப் பார்த்தபடி பாத்திரம் துலக்குவாள், அழவில்லை. ஒரு நாள் நானே மண்வெட்டியை எடுத்து மூடினேன். மூடி முடித்ததும் பசித்தது, சாப்பிட்டேன். அவ்வளவுதான். நீ சாவுக்கு வர முடியாமல் போனதை இங்கே யாரும் குறை சொல்லவில்லை, அதையே நினைத்துக்கொண்டிருக்காதே.

மூடின மண் காற்றில் பறந்து வீடெல்லாம் புழுதி. உங்கள் கம்பெனி வாசலில் இருப்பது போலப் புல்தரை போடச் சொன்னாயே, படப்பை நர்சரியில் விசாரித்தேன், தினமும் தண்ணீர் விட வேண்டுமாம். நம் கிணறு குடிக்கவே போதவில்லை. ஏரிக்கரையில் வெயிலுக்குக் காய்ந்தும் சாகாமல் கிடக்கிற அருகம்புல்லைக் கொடியோடு பிடுங்கிவந்து, துண்டுக்கு ஒரு கணுவாவது இருக்கும்படி நறுக்கி, ஐப்பசி மழை ஈரத்தில் ஊன்றினேன். வேர் பிடிக்கும்வரை அரிசி கழுவின தண்ணீர் ஊற்றினதோடு சரி, இப்போது தரை தெரியாமல் படர்ந்துவிட்டது. போன வாரம் பக்கத்து வீட்டுச் செல்லம்மாளின் மாடு புகுந்து மேய்ந்தது. நான் குச்சியோடு ஓடினால் அம்மா, "வுடுங்க, துன்னட்டும்" என்றாள். மாட்டை இழுக்க வந்த செல்லம்மாள், "இன்னாக்கா, அல்லாத்தையும் துன்னுட்சே" என்று சங்கடப்பட்டாள். "புல்லு திரும்ப வந்துடும் செல்லம்மா" என்று சொன்ன அம்மா அப்படியே புல்லில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். இருட்டும்வரை அழுதாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை.

அந்த இடத்தில் இனி எதையும் கட்டச் சொல்லாதே. வேளைக்குச் சாப்பிடு, ஓவர்டைம் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும். அடுத்த கடிதத்தை அம்மா பெயருக்கு எழுது, அவளே படிக்க வேண்டுமாம். எழுத்தைப் பெரிதாகப் போடு.

உன் அப்பா
சீனிவாசன்