அப்பா காட்டாத கன்னம்

மாஸ்கோவில் இருக்கும் என் மகள் மீரிமுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவைத்தான் இந்தச் சுகத்தில் சேர்க்க முடியவில்லை. அவர் ஏன் போனில் ஒரு கன்னத்தையே காட்டுகிறார் என்று கேட்டாயே, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், மழுப்பிவிட்டேன். பக்கத்து வீட்டு உலான் நாளை அங்கே புறப்படுகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நெற்றியிலிருந்து இடது கண் வரை அக்கி. மூக்கு நுனியிலும் ஒரு கொப்புளத்தைப் பார்த்ததும் நர்ஸ் ஜிப்பார் முகம் மாறிவிட்டது. கொப்புளம் புதிதாக இருக்கும்போதே அசைக்ளோவிர் மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும், நாள் தள்ளினால் பார்வைக்கே ஆபத்து என்றாள். மாத்திரை வாங்கி வந்தால் மனுஷன் தொட மாட்டேன் என்கிறார். கொப்புளம் வந்தவர்கள் முகத்தில் நான் வாயில் எடுத்த தண்ணீரை ஊதித் தெளிப்பேனே, அதுதான் வேண்டுமாம். "ஊருக்கெல்லாம் தெளிக்கிறவ புருஷனே மாத்திரை முழுங்கினா, நாளைக்கு எவ உன் வாசலை மிதிப்பா?" என்கிறார். என் பேர் கெடக் கூடாதாம், கண் போனாலும் பரவாயில்லையாம். எனக்கு நின்றால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து பாத்மா தன் உதட்டுப் புண்ணோடு வந்து நின்றாள், கூட இரண்டு பெண்கள். கிண்ணத்துத் தண்ணீரை வாயில் எடுத்தவள் அப்படியே மண்ணில் துப்பிவிட்டேன். என் வாயில் இனி ஒன்றும் இல்லை, எல்லாரும் ஜிப்பாரிடம் போங்கள் என்று அப்பா காதில் விழும்படிச் சொன்னேன். "அப்போ இத்தனை வருஷமா எங்க மூஞ்சியில துப்பினது சும்மாவாடி?" என்று பாத்மா கத்தினாள். சத்தியமாக எனக்கே தெரியாது, மகளே. அப்பா கைநீட்டி மாத்திரையை வாங்கி விழுங்கினார். இப்போது வேளை தவறாமல் விழுங்குகிறார். ஆனால் இமை இன்னும் திறக்கவில்லை, நாளை நாரின் நகரத்தில் கண் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். வாசலுக்கு ஒருத்தரும் வருவதில்லை, கண் பிழைத்தால் போதும் எனக்கு.

உன் உதட்டில் கொப்புளம் வந்தால் குழந்தைக்கு முத்தம் கொடுக்காதே, டாக்டரிடம் போ. மறந்துவிடாதே. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்று. அன்று பெண்கள் போன பிறகு அப்பா மெதுவாகக் கூப்பிட்டு, "யாரும் இல்லையே, எனக்கு மட்டும் ஒரு தடவை தெளிச்சு விடு" என்றார். முகத்தில் வேண்டாம் என்று உள்ளங்கையில் தெளித்தேன். அதற்கே அவர் வலி குறைந்தவர் போல் சாய்ந்துகொண்டார், எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

உன் அம்மா,
சூரா